ஃபோமலின் போத்தலும் கல்யாண முடியும்: தலைமுடியை நேராக்கிய ஒரு சரித்திரம்

நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் எங்களிடம் படித்த பிள்ளையொன்று பார்க்க வந்தது. சாதாரண தரம் எழுதிவிட்டு அழகுக்கலை கோர்ஸ் செய்து, இப்போது வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லேடீஸ் சலூனில் வேலை. வீடு கொட்டாஞ்சேனையில். வாப்பாவுக்குச் சுகமில்லை, வீட்டில் அவளுடைய சம்பளம்தான் ஓடுகிறது. கண் இரண்டும் சிவந்திருந்தது. இடைக்கிடை இருமினாள். "தடிமலா?" என்று கேட்டோம்.

"இல்ல டீச்சர். கெரட்டின் செய்யிற நாளைக்கெல்லாம் இப்பிடித்தான். கல்யாண சீசன்ல ஒரு நாளைக்கு மூணு தலை வரும். அயன் புடிக்கக்குள்ள புகை வந்து கண்ணைக் குத்தும். டீச்சருக்கு எங்கட சயன்ஸ் ரூம்ல தவளை போட்ட போத்தல் ஈந்திச்சே, ஞாபகமா? அதே மணம்."

தவளைப் போத்தல் யாருக்குத்தான் மறக்கும்? அது ஃபோமலின். செத்த உடலைக் கெடாமல் வைக்கிற திரவம். அவள் தொலைபேசியில் அந்தச் சலூன் மருந்துப் போத்தலின் படத்தைக் காட்டினாள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'ஃபோமல்டிஹைட் இல்லாதது' என்று இருந்தது. பின்பக்கத்தில் எழுத்துக்கள் மங்கி, என்ன சேர்மானம் என்று வாசிக்க முடியவில்லை.

நாங்கள் படிப்பிப்பது சரித்திரம், விஞ்ஞானம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை: "டீச்சர், இது எங்கயிருந்து வந்த மருந்து?" எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது சரித்திரக் கேள்வி. தேடி வாசித்தோம். விஞ்ஞானப் பகுதியை விளங்காத இடங்களில் எங்கள் பாடசாலை இரசாயனவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

தலை என்பது நமது சமூகத்துக்குச் சின்ன விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1905 இல் எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்று பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். அந்த வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் மாபெரும் கூட்டம் கூடியது. கடைசியில் அனுமதி கிடைத்தது. இலங்கை முஸ்லிம்கள் அரசியலாக ஒன்றுகூடிய முதல் பெரிய சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

மற்றச் சமூகங்களுக்கும் அப்படித்தான். 19 ஆம் நூற்றாண்டில் கொழும்பில் எடுத்த பழைய புகைப்படங்களைப் பாருங்கள். கரையோரச் சிங்கள ஆண்கள் நீண்ட முடியைக் கொண்டையாகக் கட்டி, உச்சியில் ஆமையோட்டுச் சீப்பை வளைவாகக் குத்தியிருப்பார்கள். தமிழ் இலக்கியத்தில் பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு பாண்டியன் சபையில் பெரிய வழக்கே நடந்ததாகத் திருவிளையாடல் கதை சொல்கிறது. தருமி, நக்கீரர் என்ற பெயர்கள் நமக்கு அதனால்தான் தெரியும். அந்தக் கதைக்கு மூலமான பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு. ஆக, கூந்தலைப் பற்றி நம் தமிழ் வாதாடத் தொடங்கி எத்தனையோ நூற்றாண்டு.

நபி (ஸல்) அவர்கள் முடி உள்ளவர் அதனை மதித்துப் பேணட்டும் என்ற கருத்தில் சொன்னதாக ஹதீஸ் உண்டு. பிள்ளை பிறந்து ஏழாம் நாள் முடி களைந்து, அதன் எடைக்கு வெள்ளி ஸதகா கொடுக்கும் சுன்னத்தும் நமக்குத் தெரியும். ஆகவே, 'முடியைப் பற்றி எழுதுவதற்கு வேறு விஷயம் இல்லையா' என்று யாரும் கேட்க வேண்டாம்.

*

முதலில் எண்ணெய்.

எங்கள் உம்மும்மா வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகளை வரிசையாகக் குந்தவைத்துத் தேங்காய் எண்ணெய் வைப்பார். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, சீயக்காயோ தேசிக்காயோ போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். அப்போது அதற்குப் பெயர் இல்லை. இப்போது சலூன் பலகையில் அதற்கு 'டீப் கண்டிஷனிங்' என்று பெயர்.

கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் சாய்மனைக் கதிரையின் தலைப்பக்கத்தில் பின்னல் துணியொன்று போட்டிருக்கும். ஜம்பட்டா வீதியில் எங்கள் உறவினர் வீட்டில் இன்னும் இருக்கிறது. அது அலங்காரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதன் ஆங்கிலப் பெயர் ஆன்டிமகாசர். 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆண்கள் தலையில் மகாசர் எண்ணெய் என்றொன்றைப் பூசினார்கள். தேங்காய் எண்ணெயோ பாமெண்ணெயோ எடுத்து, வாசனைப் பூவெண்ணெய் கலந்தது. அந்த எண்ணெய் கதிரையில் படாமல் இருக்கத்தான் அந்தத் துணி. நம்முடைய எண்ணெய்த் தலையிலிருந்து அவர்களுடைய கதிரைக்குப் போய், அங்கிருந்து துணியாக நம் வீட்டுக்கே திரும்பி வந்த சாமான் அது.

இலங்கைத் தேங்காய் எண்ணெய் அந்தக் காலத்தில் கப்பலேறி இங்கிலாந்தின் மெழுகுவர்த்தி, சவர்க்காரத் தொழிற்சாலைகளுக்குப் போனது. பிரைஸ் என்ற மெழுகுவர்த்திக் கம்பெனி அதற்காகவே இலங்கையில் தென்னந்தோட்டம் வாங்கிப் போட்டது. பிறகு 1938 இல் லீவர் பிரதர்ஸ் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே, கிராண்ட்பாஸில், தொழிற்சாலை போட்டது. எண்ணெய் போய்ச் சவர்க்காரமாகத் திரும்பிய காலம் போய், இங்கேயே சவர்க்காரம் செய்கிற காலம் வந்தது.

உம்மும்மா செய்தது சும்மா பழக்கமா, பலனும் இருந்ததா? 2003 இல் இந்தியாவில் ரேலே, மோஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் முடியில் வைத்துச் சோதித்தார்கள். முடி கழுவும்போது கரைந்துபோகும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் மெலிந்த, நேரான மூலக்கூறு. அதனால் அது முடிக்குள்ளே போகிறது, மற்றவை மேலேயே நிற்கின்றன என்று விளக்கினார்கள். அவர்கள் பாராசூட் எண்ணெய் செய்கிற மரிக்கோ கம்பெனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஆய்வு பகிரங்கமாக வெளிவந்தது, இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

*

அடுத்தது ஷாம்பு. இந்தச் சொல் ஐரோப்பாவில் பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறோம்: ஷேக் தீன் முஹம்மத்.

1759 இல் பாட்னாவில் பிறந்த முஸ்லிம். சின்ன வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சேர்ந்து, 1784 இல் அயர்லாந்தின் கோர்க் நகரத்துக்குப் போனார். 1794 இல் தன் பயண அனுபவங்களை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அது. 1810 இல் இலண்டனில் இந்தியச் சாப்பாட்டுக்கடை திறந்து நட்டப்பட்டார். பிறகு பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போய் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஷாம்பூயிங்'. பிடித்துவிடு, அழுத்து என்ற கருத்துள்ள 'சாம்போ' என்ற ஹிந்திச் சொல்லிலிருந்து வந்தது. அரசர் நான்காம் ஜோர்ஜும் அவருக்குப் பின் நான்காம் வில்லியமும் அவரைத் தங்களுடைய 'ஷாம்பு வைத்தியராக' நியமித்தார்கள். உடம்பு பிடிப்பதைக் குறித்த சொல் பின்னால் தலை கழுவுவதைக் குறிக்க வந்தது.

இன்றைக்கு ஹெயார் ஸ்பா என்று தலையில் கிறீம் பூசி, பிடித்துவிட்டு, நீராவித் தொப்பி போடுகிறார்களே, அதை 200 வருடத்துக்கு முன் பிரைட்டனில் தீன் முஹம்மத் பார்த்திருந்தால் தன்னுடைய தொழில் என்றே சொல்லியிருப்பார்.

இதுவரை வந்த கதையில் யாருக்கும் கண் எரியவில்லை. எண்ணெய், நீராவி, கைப்பிடி. இனி நெருப்பும் இரசாயனமும் வருகின்றன.

*

1870களில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்பவர் சூடாக்கிய இரும்பால் முடியில் அலை போட்டுக் காட்டிப் பெயர் வாங்கினார். 1906 இல் இலண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மன்காரர் 'நிரந்தர அலை' செய்கிற இயந்திரத்தைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பித்தளை உருளைகளில் முடியைச் சுற்றி, காரம் பூசி, சூடாக்குவது. ஒரு தலைக்கு ஆறு மணித்தியாலம் போனது. அதற்கு முன் அவர் சோதித்துப் பார்த்தது தன் மனைவியின் தலையில். முதல் இரண்டு தடவையும் அந்தப் பெண்ணின் முடி கருகிப்போனது, தலைத்தோலும் சுட்டது. சரித்திரப் புத்தகங்களில் நெஸ்லரின் பெயர் பெரிதாக இருக்கிறது. அந்த மனைவியின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது: கதரினா.

அதே காலத்தில் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் வேறொரு நெருக்கடியில் இருந்தார்கள். சுருள் முடியோடு போனால் வேலை இல்லை, மரியாதை இல்லை. நேரான முடிதான் 'நல்ல முடி' என்றார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867 இல் பிறந்த சாரா பிரீட்லவ் என்ற பெண், துணி துவைத்துப் பிழைத்தவர், மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் கூந்தல் மருந்து விற்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்களை விற்பனையாளர்களாகச் சேர்த்து, பெரும் பணக்காரியானார். 1919 இல் அவர் மௌத்தாகும்போது அமெரிக்காவின் மிகப் பெரிய கறுப்பினப் பெண் தொழிலதிபர் அவர்தான். தன்னை 'முடி நேராக்குபவர்' என்று சொல்வதை அவர் விரும்பவில்லை, தலைத்தோலைச் சுகமாக்கி முடியை வளர்ப்பவர் என்றுதான் சொன்னார். பிறகு வந்த மற்றக் கம்பெனிகளுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. சோடியம் ஹைட்ரொக்சைட், அதாவது சவர்க்காரம் காய்ச்சப் போடும் கடுங்காரம், தலைக்கே வந்தது.

வெள்ளவத்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் 'முடி கொஞ்சம் சுருள்' என்று சொல்லிவிட்டுப் போன வீடுகள் நமக்குத் தெரியும். அந்தப் பேச்சு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவில்லை.

*

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரில்லாதது, நகம் மாதிரி. கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இறுக்கிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முடி சுருளாகவோ நேராகவோ நிற்பதில் அந்தப் பிணைப்புகளுக்கும் பங்கு உண்டு. முடியின் வெளிப்பக்கத்தில் கூரை ஓடு அடுக்கியது போலச் செதில்கள் இருக்கும். சாயம், வெளிற வைத்தல், சூட்டு இரும்பு, கடும் வெயில் எல்லாம் அந்த ஓடுகளைத் தூக்கிவிடும். அதைத்தான் 'டெமேஜ் ஹெயார்' என்கிறோம். நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். அதில் குளித்தாலே முடி தும்பாகிவிடும்.

இப்போது சலூன் பலகையை வாசிப்போம். அதில் மூன்று வகையான வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, உண்மையான டீப் கண்டிஷனிங். ஹெயார் ஸ்பா, ஹெயார் மாஸ்க் எல்லாம் இதில் அடங்கும். சேதமான முடியில் எதிர்மின்னேற்றம் கூட இருக்கும். கண்டிஷனரில் நேர்மின்னேற்றம் உள்ள பொருள் இருப்பதால் சேதமான இடத்தில்தான் கூடுதலாக ஒட்டும். ஓடுகள் படிந்து முடி வழுக்கும், மினுங்கும். சில தடவை கழுவியதும் போய்விடும். உயிரில்லாத முடியை இது சுகமாக்காது, மூடி வைக்கும். ஆனால் ஆபத்துக் குறைவு.

இரண்டாவது, ரீபொண்டிங். 1940களில் வந்த 'குளிர் அலை' முறையில் தயோகிளைக்கோலேட் என்ற பொருள் கந்தகப் பிணைப்பை உடைக்கும், பிறகு பெரொக்சைட் திரும்பச் சேர்க்கும். சுருளாக்க வந்த அந்த மருந்தையே தலைகீழாக்கி, இடையில் சூட்டு இரும்பும் சேர்த்து, நேராக்கும் முறையாக 1990களில் ஜப்பானில் செய்து ஆசியா முழுக்கப் பரப்பினார்கள். முளைத்து வரும் புது முடி பழைய மாதிரியே வரும். கை பிசகினால் முடி முறிந்து கொட்டும்.

மூன்றாவதுதான் நம் பிள்ளையின் கண்ணைச் சிவக்க வைத்தது. கெரட்டின் ட்ரீட்மன்ட், பிரேசிலியன் ஸ்மூதிங் என்று பல பெயர். 2000களின் தொடக்கத்தில் பிரேசிலில் இருந்து உலகத்துக்குப் பரவியது. பெயரைக் கேட்டால் முடிக்குப் புரதச் சாப்பாடு கொடுப்பது போல இருக்கும். ஆனால் பூசுகிற கெரட்டினை முடியோடு பிணைத்து, நேராகவே இறுகி நிற்க வைப்பது ஃபோமல்டிஹைட். தவளையை இறுக வைத்த அதே வேலை. 230 பாகை செல்சியஸ் வரை சூடான இரும்பை முடியின் மேல் திரும்பத் திரும்ப இழுக்கும்போது அது வாயுவாக மேலே வருகிறது. ஃபோமல்டிஹைட் வாயு தண்ணீரில் கரைந்தால்தான் ஃபோமலின். இரும்பு பட்டால் திரும்பவும் வாயு.

2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபோமல்டிஹைட்டை மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்புக்கு மாற்றியது. பிரேசில் அரசே 2009 இல் ஃபோமலினைப் பார்மசிகளிலும் சுப்பர் மார்க்கட்டுகளிலும் விற்கத் தடை போட்டது, சலூன்களில் முடிக்குக் கலக்கிறார்கள் என்பதற்காகத்தான்.

*

2010 இல் நடந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், இந்தப் பதிவின் நடுப்பகுதி இதுதான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்ற நகரம். அங்குள்ள சலூன் தொழிலாளிகள், மூச்சு முட்டுகிறது, கண் எரிகிறது, மூக்கால் இரத்தம் வருகிறது என்று முறைப்பட்டார்கள். அவர்கள் பாவித்தது 'பிரேசிலியன் புளோஅவுட்' என்ற மருந்து. போத்தலில் 'ஃபோமல்டிஹைட் இல்லாதது' என்று எழுதியிருந்தது. மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புத் திணைக்களம் பல சலூன்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அந்த மருந்தில் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் ஃபோமல்டிஹைட் இருந்தது. பழுதாகாமல் இருக்கச் சேர்ப்பதற்கு ஐரோப்பாவில் அப்போது அனுமதித்திருந்த உச்ச அளவே 0.2 சதவீதம்.

2011 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012 இல் கலிபோர்னியா அரசோடு வழக்கைத் தீர்க்க 6 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. 2023 இல் முடி நேராக்கும் மருந்துகளில் ஃபோமல்டிஹைட்டை முழுதாகத் தடைசெய்யும் திட்டம் இருப்பதாக அந்த நிர்வாகம் அறிவித்தது. முதலில் குறித்த 2024 ஏப்ரல் தவணை தடை வராமலே கடந்துபோனது.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்? டொக்டரோ பேராசிரியரோ இல்லை. தினமும் அந்தப் புகைக்குள் நிற்கிற பெண்கள். வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வருவார். அயன் பிடிக்கிற பிள்ளை ஒவ்வொரு நாளும் அங்கேதான். கதரினாவின் தலையில் தொடங்கியது இன்னும் அப்படியே வருகிறது: புது மருந்து வந்தால் முதலில் எரிவது இல்லாதவர்களின் உடம்பு.

'சரி, ஃபோமலின் இல்லாத புது மருந்து வந்திருக்கிறதாமே' என்பீர்கள். ஆம். கிளையொக்சிலிக் அமிலம் போட்டது. நனோபிளாஸ்டியா என்று போட்டிருக்கும் பலவற்றில் அது இருக்கிறது. அதன் கதையையும் கேளுங்கள். தூனிஸியாவில் 26 வயதுப் பெண்ணொருவர் 2020, 2021, 2022 இல் மூன்று தடவை ஒரே சலூனில் முடி நேராக்கினார். மூன்று தடவையும் தலைத்தோல் எரிந்தது, பிறகு வாந்தி, காய்ச்சல், முதுகு வலி. மூன்று தடவையும் சிறுநீரகம் பாதித்திருந்தது. பூசிய கிறீமில் 10 சதவீதம் கிளையொக்சிலிக் அமிலம். அது உடம்புக்குள் போய் ஒக்சலேட் உப்பாக மாறிச் சிறுநீரகத்தில் படிந்திருக்கலாம் என்று டொக்டர்கள் எலிகளில் சோதித்து, 2024 மார்ச்சில் எழுதினார்கள். இஸ்ரேலிலும் இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் இதே மாதிரி வைத்தியசாலைக்கு வந்தார்கள்.

இன்னொன்று. 2022 ஒக்டோபரில் அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. நேராக்கும் மருந்து பாவிக்காதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் 4.05 சதவீதம். இதை வைத்து யாரும் பயந்து தூக்கமில்லாமல் இருக்க வேண்டாம். ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது என்றுதான் ஆய்வு சொல்கிறது, இதனால்தான் வந்தது என்று நிறுவவில்லை. ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்கிற வாய்க்கும் இனி ஆதாரம் கேட்கலாம்.

*

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தப் பகுதி நமக்கே நமக்கானது.

நம் பெண்கள் போகிற சலூன்கள் எப்படியிருக்கின்றன? ஹிஜாபைக் கழற்ற வேண்டும் என்பதால் ஆண்கள் பார்வை படாத அறை. கண்ணாடியில் ஸ்டிக்கர், அதற்கு மேல் திரை, கதவு பூட்டு, உள்ளே ஏசி. பர்தாவைப் பேணத்தான் அப்படி. நல்ல நோக்கம். ஆனால் அந்த வாயு வெளியே போக வழியே இல்லை. ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் தூசைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆக, உலகத்தில் எங்கேயாவது இந்தப் புகை கூடுதலாகத் தேங்குமென்றால், அது நம்முடைய பெண்கள் சலூனில்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கெரட்டின் செய்தால் மூன்று நாளைக்குத் தலையை நனைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். எங்கள் தங்கச்சியின் கல்யாணத்துக்கு முன் செய்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். வுழுவில் தலைக்கு மஸ்ஹு செய்வதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளை மூன்று நாளும் குழம்பியது. 28,000 ரூபாய் கொடுத்துக் குழப்பத்தை வாங்கினோம். மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். எங்கள் கேள்வி அதற்கு முந்தியது: மூன்று நாள் தண்ணீர் படக்கூடாத மருந்து என்ன மருந்து என்று நாங்கள் ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை? கண் எரிந்தது, தண்ணீர் வந்தது. 'கொஞ்ச நேரம்தானே' என்று இருந்துவிட்டோம். அயன் பிடித்த பிள்ளைக்கு எரிந்ததா என்று கேட்கத் தோன்றவேயில்லை. எங்கள் மாணவி வந்து இருமிய பிறகுதான் அந்த அறை திரும்ப ஞாபகம் வந்தது.

சட்டம் இருக்கிறதா? 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்கள் என்ற சொல் மருந்துகளோடு சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையுமே பிரதானமாகக் கவனிக்கிறது. பொய் லேபிள் ஒட்டி விற்பதைப் பற்றி முறையிட 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. இலக்கம் 1977. அழைக்கலாம்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திருந்தால் அந்தப் பிள்ளையின் நுரையீரல் காத்திருக்காது. "வேலையை விட்டுவிடு" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வாப்பாவின் மருந்துக்குக் காசு நாங்களா கொடுக்கப் போகிறோம்? முதலாளியோடு பேசச் சொன்னோம். "பேசினேன் டீச்சர். கஸ்டமர் ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல, ஒனக்கு மட்டும் என்ன எண்டு கேட்டாங்க" என்றாள்.

அதனால்தான் இந்தப் பதிவு. சொல்ல வேண்டியது கஸ்டமராகிய நாம்.

அடுத்த முறை சலூனுக்குப் போனால் நாலு காரியம் செய்யுங்கள்.

1. போத்தலைக் கேட்டு வாங்கி, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை வாசியுங்கள். ஃபோமல்டிஹைட், ஃபோமலின், மெதிலீன் கிளைக்கோல், கிளையொக்சிலிக் அசிட் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேர்மானமே எழுதாத போத்தலும், வேறு போத்தலில் ஊற்றி வைத்த மருந்தும் வேண்டாம்.

2. கண் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கட்டிய காசைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

3. முடி தும்பாகியிருந்தால் நுனியை ஒரு அங்குலம் வெட்டி, ஹெயார் ஸ்பா மட்டும் செய்யுங்கள். வீட்டில் கழுவுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் வையுங்கள். கல்யாண நாளுக்கு அது போதும்.

4. சலூன் நடத்தும் சகோதரிகளே, உங்கள் மேல் கோபம் இல்லை. போத்தலில் பொய் எழுதியது நீங்கள் இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் உயரத்தில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் போடலாம். பர்தாவும் கெடாது, காற்றும் வெளியே போகும். இருமுகிற பிள்ளையை அந்த வேலையிலிருந்து மாற்றி விடலாம்.

பெண் பார்க்கப் போகிற மாமிமாரிடமும் ஒரு வார்த்தை. சுருள் முடி குறை இல்லை. உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை புகையும்.

அந்தப் பிள்ளை நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தது. இந்த வாரம் இரண்டு கெரட்டின் தலையாம். கண் சொட்டு மருந்து வாங்கினாளாம். இந்தப் பதிவைப் போடலாமா என்று அவளிடம் கேட்டோம். "போடுங்க டீச்சர், பேர் மட்டும் வேணாம்" என்றாள். பெயரும் போடவில்லை, சலூனின் பெயரும் போடவில்லை. எந்தச் சலூன் என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள். நீங்கள் போகிற சலூன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள பெண்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள், வைத்தியத் துறையில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் வாப்பாவின் சுகத்துக்காக துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.